மலையேறும் மடிக்கணினி

தருமபுரி மாவட்டத்தில், அரூருக்குத் தெற்கே, கல்வராயன் மலையை அடுத்து நிற்பது சித்தேரி மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளை இது. சாமையும் கேழ்வரகும் விளையும் இம்மலையின் ஊர்களில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். இங்கே சுமை என்பது அன்றாட வாழ்க்கையின் ஒரு பகுதி. சித்தேரி ஊராட்சியைச் சேர்ந்த அரசநத்தம், கலசப்பாடி போன்ற ஊர்களின் மக்கள் வண்டிப் பாதை இல்லாமல் பல்லாண்டுகள் உப்பையும் அரிசியையும் தலைச்சுமையாகவே மேலே கொண்டு சென்றார்கள். எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று எடை போட்டுப் பார்க்கும் வழக்கம் மலைமக்களுக்கு இயல்பாகவே உண்டு.

அதே எடைக் கணக்கை இன்று வேறொரு பொருளுக்குப் போட்டுப் பார்ப்போம். 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் பல இலட்சம் பேர் அதனால் பயன் பெற்றனர். அவ்வாறு வழங்கப்பட்டவை 14 அங்குலத் திரையும் இரண்டு கிலோகிராமைத் தாண்டும் எடையும் கொண்ட சாதாரண மடிக்கணினிகள். இன்று கடைகளில் ஒரு கிலோகிராமை ஒட்டிய எடையுள்ள மடிக்கணினிகளும் கிடைக்கின்றன. விலைதான் இரண்டு மடங்கு.

சித்தேரியிலிருந்து அரூருக்குப் பேருந்தில் சென்று படிக்கும் ஒரு மாணவி இருப்பதாகக் கொள்வோம். அவளிடம் பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. விலை கூடிய இலகுவான கணினிக்கு அவள் மாற வேண்டுமா? அவள் பெற்றோர் சாமை விற்றுச் சேர்த்த பணம் இதில் போகப் போகிறது. ஆகவே விளம்பரத்தைப் பார்த்து விடை சொல்லக் கூடாது. கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். அதற்கு முதலில், ஒரு கணினி எவ்வாறு எடை குறைகிறது என்பதை அறிய வேண்டும்.

பதினொரு கிலோகிராமிலிருந்து ஒரு கிலோகிராம் வரை

1981-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆஸ்போர்ன்-1 என்னும் கணினி விற்பனைக்கு வந்தது. 'கையில் எடுத்துச் செல்லத் தக்கது' என்று பெயர் பெற்ற அதன் எடை ஏறத்தாழ 11 கிலோகிராம்! தையல் பொறிப் பெட்டி போல் தோற்றமளித்த அதன் திரையின் அளவு வெறும் 5 அங்குலம். உள்ளே மின்கலமும் இல்லை. போகும் இடத்தில் மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும்.

அடுத்த ஆண்டே, அதாவது 1982-இல், கிரிட் காம்பஸ் என்ற கணினி வந்தது. திரையைப் புத்தகம் போல மடித்து மூடும் அமைப்பு இதில் இருந்தது. இதன் உறை மக்னீசிய உலோகக் கலவையால் ஆனது. எடை சுமார் 5 கிலோகிராம். விண்வெளி ஓடங்களிலும் இக்கணினி பறந்திருக்கிறது. 2008-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், காகித உறை ஒன்றிலிருந்து மெல்லிய மடிக்கணினி ஒன்றை உருவிக் காட்டினார். அதன் எடை 1.36 கிலோகிராம்.

பதினொன்று ஒன்றரைக்கும் கீழே இறங்கியது எப்படி? உறை மெலிந்ததால் என்றுதான் பலரும் நினைப்பர். உறைக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரும் பங்கு வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உறை: தடிப்பின் மும்மடி

ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் நிறை 7.85 கிராம். அதே அளவு அலுமினியம் 2.70 கிராம். மக்னீசியமோ 1.74 கிராம்தான். அப்படியானால் எடை குறைந்த உலோகம் எளிதில் வளைந்துவிடாதா?

வளையும்தான். எஃகின் விறைப்பை 200 என்று கொண்டால், அலுமினியத்தின் விறைப்பு 70, மக்னீசியத்தின் விறைப்பு 45 என்ற அளவில் இருக்கும். ஒரே தடிப்புள்ள தகடுகளை எடுத்தால் எஃகுதான் வெல்லும். ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு தகடு வளைவதை எதிர்க்கும் ஆற்றல் அதன் தடிப்பின் மும்மடிக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. தடிப்பை இரு மடங்காக்கினால் வளையாமை எட்டு மடங்காகும்.

இப்போது ஒரே எடையும் ஒரே பரப்பும் கொண்ட இரு தகடுகளை எடுங்கள். ஒன்று எஃகு, மற்றொன்று மக்னீசியம். மக்னீசியத்தின் அடர்த்தி குறைவு. ஆகவே அதன் தகடு 7.85 ÷ 1.74 = 4.5 மடங்கு தடிப்பாக இருக்கும். 4.5-இன் மும்மடி ஏறத்தாழ 91. இதை விறைப்பு விகிதமாகிய 45/200-ஆல் பெருக்கினால் சுமார் 20 வருகிறது. அதாவது, ஒரே எடையில் மக்னீசியத் தகடு எஃகுத் தகட்டைவிட இருபது மடங்கு வளையாமல் நிற்கும்! அலுமினியத்துக்கும் இதே கணக்கைச் செய்து பாருங்கள். எட்டரை மடங்கு வரும்.

இந்த இரண்டு உலோகங்களும் சித்தேரிக்கு அயலானவை அல்ல. சித்தேரிக்கு மேற்கே சேலம் நகரை ஒட்டி வெண்மையாகத் தெரியும் மேடுகளில் இருப்பது மாக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட்டு. இதன் மூலக்கூற்று எடை 24 + 12 + 48 = 84. இதில் மக்னீசியம் 24 பங்கு. ஆகவே 100 கிராம் தூய மாக்னசைட்டில் சுமார் 28.6 கிராம் மக்னீசியம் அடங்கியிருக்கிறது. ஆயினும் சேலத்து மாக்னசைட் பெரும்பாலும் உலைகளுக்கான வெப்பந்தாங்கும் செங்கல் செய்யவே பயன்பட்டது. உலகுக்கு வேண்டிய மக்னீசிய உலோகத்தில் மிகப் பெரும் பகுதி சீனாவிலிருந்து வருகிறது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் அலுமினியத்தின் தாதுவாகிய பாக்சைட் கிடைக்கிறது. அதைக் கொண்டு மேட்டூரில் நெடுங்காலம் அலுமினியம் பிரித்தெடுத்தார்கள்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் மக்னீசிய நாடா கண்ணைப் பறிக்கும் ஒளியுடன் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறானால் மக்னீசிய உறை தீப்பற்றாதா என்று கேட்கத் தோன்றும். நாடா மெல்லியது, சூடு பரவி ஓட அதில் இடமில்லை. ஆகவே ஒரு முனை விரைவில் எரியும் வெப்பநிலையை அடைகிறது. கனமான துண்டில் வெப்பம் உடனே உலோகம் முழுவதும் பரவிவிடுவதால் ஓரிடம் மட்டும் அவ்வளவு சூடாவது கடினம். மேலும் உறைக்குத் தூய மக்னீசியம் பயன்படுவதில்லை. சுமார் 9 சதவிகிதம் அலுமினியமும் 1 சதவிகிதம் துத்தநாகமும் கலந்த கலவை இதற்குப் பெயர் பெற்றது. அதன் மேல் பூச்சும் இருக்கும்.

மின்கலம்: ஈயத்திலிருந்து இலித்தியம்

அடுத்தது மின்கலம். மோட்டார் வண்டிகளில் உள்ள ஈய-அமில மின்கலம் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 35 வாட்-மணி ஆற்றலைத்தான் சேமிக்கும். இன்றைய நல்ல இலித்தியம்-அயனி மின்கலம் ஏறத்தாழ 250 வாட்-மணியைச் சேமிக்கிறது. காரணத்தைத் தனிம அட்டவணையிலேயே காணலாம். ஈயத்தின் அணு எடை 207. வேதிவினையில் ஓர் ஈய அணு இரண்டு எலெக்ட்ரான்களைத் தரும். இலித்தியத்தின் அணு எடை 7. அது ஓர் எலெக்ட்ரானைத் தரும். ஓர் எலெக்ட்ரானுக்கு ஈயம் சுமக்கும் எடை 103.5, இலித்தியம் சுமக்கும் எடை 7. இலித்தியத்துக்குத் துணையாகக் கிராஃபைட்டும் உலோக ஆக்சைடும் மின்கலத்தில் இருப்பதால் பயன் முழுதும் கிடைப்பதில்லை. ஆயினும் இலித்தியம் கலம் 3.7 வோல்ட் தருகிறது. ஈயக் கலம் 2 வோல்ட்தான் தருகிறது.

இலித்தியம்-அயனி மின்கலத்தை ஜப்பானின் சோனி நிறுவனம் 1991-ஆம் ஆண்டில் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளமிட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். நம் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்திலும் இவ்வகை மின்கலங்கள் பற்றிய ஆய்வு நடைபெறுகிறது.

50 வாட்-மணி மின்கலம் வேண்டுமென்றால் ஈயத்தில் 1.4 கிலோகிராமுக்கு மேல் சுமக்க வேண்டும். இலித்தியத்தில் 200 கிராம் போதும்.

எடைக் குறைப்பின் இரகசியம்

இனிமேல்தான் முக்கியமான பகுதி வருகிறது. கணினியின் மூளையாகிய சில்லில் கோடிக்கணக்கான நுண் சுவிட்சுகள் நொடிக்குப் பல கோடி முறை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் சிறிது மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. இதற்குச் செலவாகும் திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. 1981-இல் சில்லுகள் 5 வோல்ட்டில் இயங்கின. இன்றைய சில்லுகள் ஏறத்தாழ 1 வோல்ட்டில் இயங்குகின்றன. மற்றவை மாறாதிருந்தால், ஒரு சுவிட்சைத் திறந்து மூட ஆகும் செலவு இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிட்டது!

சில்லின் அமைப்பும் மாறியது. 1985-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகியோர் ஆர்ம் என்னும் எளிய அமைப்புடைய சில்லை உருவாக்கினர். முதல் சில்லைச் சோதித்தபோது, மின்சார இணைப்பே கொடுக்காத நிலையிலும் அது வேலை செய்ததாம். மற்ற கம்பிகள் வழியே கசிந்து வந்த சிறு மின்னோட்டமே அதற்குப் போதுமானதாக இருந்தது. கைப்பேசிகளில் இச்சில்லின் வழித்தோன்றல்கள் பரவின. 2020-ஆம் ஆண்டு நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் இந்த அமைப்பைக் கொண்ட சில்லை மடிக்கணினியில் வைத்து, விசிறியே இல்லாத 1.29 கிலோகிராம் கணினியை வெளியிட்டது.

திறன் குறைந்தால் எடை ஏன் குறைய வேண்டும்? சாதாரண வேலைக்கு 15 வாட் செலவிடும் கணினி எட்டு மணி நேரம் ஓட 120 வாட்-மணி மின்கலம் தேவை. அதன் எடை 480 கிராம். 6 வாட் செலவிடும் கணினிக்கு 48 வாட்-மணி போதும். எடை 192 கிராம். இங்கேயே 288 கிராம் குறைந்துவிட்டது. செலவான மின்சாரம் முழுதும் கடைசியில் வெப்பமாகத்தானே மாறும்? வெப்பம் குறைந்தால் அதைக் கடத்தும் செப்புக் குழாய் சிறிதாகும்; விசிறி நீங்கும்; காற்றோட்டத்துக்கு விட்ட இடைவெளி வேண்டாம்; உறை மெலியும். மின்னேற்றியும் சிறிதாகும். ஒரு வாட்டைச் சேமித்தால் அதன் பின்னே பல கிராம்கள் வரிசையாக இறங்குகின்றன.

தகவல் சேமிக்கும் வட்டிலும் இத்தகைய மாற்றம் நடந்திருக்கிறது. பழைய வகை வட்டு சுமார் 100 கிராம். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் அதன் மேல், தலைமயிரைவிடப் பல்லாயிரம் மடங்கு நுண்ணிய இடைவெளியில் படிக்கும் முனை மிதக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து குலுங்கும்போது கணினியை இயங்க விட்டால் முனை வட்டில் உரசக்கூடும். இன்றைய திண்மச் சேமிப்பகத்தில் அசையும் பாகமே இல்லை. அதன் எடை பத்து கிராமை ஒட்டியது.

சுமையின் கணக்கு

இப்போது நம் மாணவியிடம் வருவோம். பழைய கணினி 2.5 கிலோகிராம், புதியது 1.2 கிலோகிராம் எனக் கொள்வோம். வித்தியாசம் 1.3 கிலோகிராம். இதை 500 மீட்டர் உயரம் மலையேற்ற எவ்வளவு வேலை செய்ய வேண்டும்?

வேலை = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். அதாவது, 1.3 × 9.8 × 500 = 6,370 ஜூல். கலோரியில் சொன்னால் ஒன்றரைக் கிலோகலோரி. நம் தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன. எனவே உடலுக்குச் செலவு சுமார் 6 கிலோகலோரி. இரண்டு கிராம் சாமையில் இந்த ஆற்றல் இருக்கிறது!

வியப்பாக இருக்கிறதல்லவா? ஒரு பிடிச் சோறுகூட வேண்டாம் என்றால், தோள் ஏன் வலிக்கிறது? விடை நெம்புகோல் விதியில் இருக்கிறது. பையை ஒரே தோளில் தொங்க விட்டால், சுமை முதுகெலும்பிலிருந்து சுமார் 20 சென்டிமீட்டர் தள்ளி இழுக்கிறது. அதைச் சமன் செய்யும் மறுபக்கத் தசைகள் முதுகெலும்புக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அருகிலேயே பற்றி இழுக்க வேண்டும். 20 ÷ 5 = 4. ஆகவே 3 கிலோகிராம் பைக்குத் தசைகள் 12 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையைத் தர வேண்டியிருக்கிறது. பேருந்தில் அசையாமல் நின்றாலும் தசை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இயற்பியல் கணக்கில் அங்கே வேலை பூச்சியம். ஆனால் தசை இழைகள் சுருங்கிய நிலையிலேயே இருப்பதால் ஆற்றல் செலவாகிறது, களைப்பும் வருகிறது.

பையை இரு தோள்களிலும் மாட்டினால் இந்தப் பக்கவாட்டு இழுப்பு நீங்கும். வார் 2 சென்டிமீட்டர் அகலத்திலிருந்து 4 சென்டிமீட்டர் ஆனால் தோளில் படும் அழுத்தம் பாதியாகும். இவ்விரண்டுக்கும் ஆகும் செலவு மிகச் சிறிது. புதுக் கணினி வாங்குமுன் நல்ல பை வாங்கியிருக்கிறோமா என்று பாருங்கள்!

மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை மீறக் கூடாது என்கிறது. நம் மாணவியின் எடை 45 கிலோகிராம் என்றால் வரம்பு 4.5 கிலோகிராம். பழைய கணினியும் அதன் மின்னேற்றியும் சேர்ந்து 3 கிலோகிராம். மீதி ஒன்றரைக் கிலோகிராமில் புத்தகம், குறிப்பேடு, சோற்றுப் பாத்திரம், தண்ணீர் எல்லாம் அடங்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோகிராம் ஆயிற்றே! புதிய கணினியும் மின்னேற்றியும் 1.4 கிலோகிராம் என்றால் மீதி 3.1 கிலோகிராம். இலகு கணினியின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது.

பணத்தின் கணக்கு

சாதாரணக் கணினி 40,000 ரூபாய், இலகுவானது 90,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 50,000 ரூபாய். ஆண்டுக்கு 250 நாள் வீதம் ஐந்தாண்டு எடுத்துச் சென்றால் 1,250 நாள். நாளொன்றுக்கு 40 ரூபாய் ஆகிறது. நாள்தோறும் 1.3 கிலோகிராம் சுமை குறைய 40 ரூபாய் கூலி கொடுக்கிறோம் என்று பொருள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுத்துச் செல்பவருக்கு அந்தக் கூலி 200 ரூபாய் ஆகிவிடும். கணினியை வீட்டு மேசையைவிட்டு எடுக்காதவருக்கோ இறங்கும் சுமையே இல்லை.

மின்சாரம் மிச்சமாகுமே என்பீர்கள். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் 9 வாட் மிச்சமானால் 54 வாட்-மணி. 1,250 நாளுக்கு 67.5 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்றாலும் 340 ரூபாய்தான். மின் கட்டணத்தைக் காட்டி இலகு கணினியை வாங்கச் சொல்வது சரியாகாது. ஆனால் மின்தடை உள்ள ஊரில் கணக்கு மாறும். மாலையில் விளக்கு அணைந்தபின் மூன்று மணி நேரம் ஓடும் கணினிக்கும் எட்டு மணி நேரம் ஓடும் கணினிக்கும் இடையிலுள்ள வேறுபாடு, பரீட்சைக்கு முந்திய இரவில் ரூபாயால் அளக்கத் தக்கதன்று.

இலகுவானதன் குறைகள்

எடையைக் குறைக்கும்போது சிலவற்றை இழக்கவும் செய்கிறோம். கனமான பழைய கணினியைத் திருகாணி கழற்றித் திறக்கலாம், நினைவகத்தைக் கூட்டலாம், மின்கலத்தை மாற்றலாம். மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கும் அன்று எவ்வளவோ, கடைசி வரை அவ்வளவே. மின்கலம் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். இணைப்புத் துளைகளும் குறைவு. பழுதானால் சித்தேரி மாணவி அரூருக்கோ தருமபுரிக்கோ, சில வேளைகளில் இன்னும் தொலைவுக்கோ அனுப்ப வேண்டியிருக்கும். அதுவரை படிப்பு நிற்கும். பக்கத்து ஊரில் பழுது பார்க்க முடியும் என்பதும் ஒரு கணினியின் சிறப்புத்தான்.

விசிறி இல்லாக் கணினி வெப்பத்தை உறை வழியாகவே வெளியேற்றுகிறது. நியூட்டனின் குளிர்தல் விதி உங்களுக்குத் தெரியும். வெப்பம் வெளியேறும் வேகம், பொருளுக்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. உறை 45 பாகை செல்சியஸ் வரை சூடாகலாம் எனக் கொள்வோம். சமவெளியில் சித்திரை வெயிலில் சூழல் 38 பாகை என்றால் வேறுபாடு 7. மலையில் சூழல் 25 பாகை என்றால் வேறுபாடு 20. வெப்பம் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாக வெளியேறும். கடினமான வேலை நெடுநேரம் நீடித்தால், சமவெளியில் சில்லு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதே கணினி மலைமேல் சுறுசுறுப்பாக ஓடும்! மின்கலமும் அப்படியே. வெப்பமான இடத்தில் அது விரைவில் முதுமையடையும். எனவே வெயிலில் நிற்கும் வண்டியினுள் கணினியை விட்டுச் செல்லாதீர்கள்.

நடு வழி ஒன்று

பழையதை வைத்துக்கொள்வது, புதியது வாங்குவது என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. பழைய கணினியில் சுழல் வட்டு இருந்தால் அதற்குப் பதிலாகத் திண்மச் சேமிப்பகம் பொருத்தலாம். தேய்ந்த மின்கலத்தை மாற்றலாம். நினைவகத்தைக் கூட்டலாம். புதுக் கணினியின் விலையில் ஒரு சிறு பகுதியில் இவை முடியும். வேகம் நன்றாகக் கூடும். மின்தடையைத் தாங்கும் நேரமும் மீளும். பேருந்துக் குலுக்கலைப் பற்றிய அச்சமும் குறையும். எடை மட்டும் பெரிதாகக் குறையாது. பயன்படும் ஒரு கணினி குப்பைக்குப் போகாமல் தடுத்ததும் ஆகும். தோண்டி எடுத்த இலித்தியத்தையும் செம்பையும் மக்னீசியத்தையும் மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்துகிறோம் அல்லவா?

ஆகவே நம் மாணவிக்கு என்ன சொல்வது? நாள்தோறும் கணினியை எடுத்துச் சென்று, பை வரம்பை மீறுகிறது என்றால், முதலில் பையையும் அதில் உள்ளவற்றையும் சீர் செய்யட்டும். பிறகு நடுவழியைப் பின்பற்றட்டும். அதன் பின்னும் தோள் நோகிறது, எட்டு மணி நேர மின்கலம் தேவை, பழுது பார்க்கும் வசதியும் எட்டும் தொலைவில் இருக்கிறது என்றால், இலகு கணினிக்கு மாறுவது வீண் செலவாகாது. அப்போது நினைவகத்தை மட்டும் தேவைக்குச் சற்றுக் கூடுதலாகவே முதல் நாளில் வாங்கிக்கொள்ள வேண்டும். விடுதியிலேயே தங்கிப் படித்து, விடுமுறைக்கு மட்டும் ஊர் திரும்புபவள் என்றால், அந்த 50,000 ரூபாய் வீட்டிலேயே இருக்கட்டும். மலையேறும் சுமையில் எது தேவை என்று எடை போட்டுப் பார்த்த முன்னோர் செய்த கணக்கும் இதுவே.

செய்து பாருங்கள்

1. சுருள்வில் தராசு ஒன்றில் உங்கள் புத்தகப் பையைத் தொங்கவிட்டு எடை காணுங்கள். உங்கள் உடல் எடையில் அது எத்தனை சதவிகிதம்? ஒரு வாரம் நாள்தோறும் குறித்து வைத்து, எந்தப் பொருள் எந்த நாளில் பயன்படாமலே போய் வந்தது என்று பாருங்கள்.

2. ஒரே அளவுள்ள இரண்டு அட்டைகளை எடுங்கள். ஒன்றை அப்படியே இரு செங்கற்களின் மேல் பாலம் போல் வைத்து நடுவில் சில நாணயங்களை அடுக்கி, வளைவை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். பிறகு இரண்டு அட்டைகளையும் பசையால் ஒன்றாக ஒட்டி, நன்கு உலர்ந்தபின் அதே நாணயங்களை வையுங்கள். வளைவு எத்தனை பங்காகக் குறைந்தது? தடிப்பின் மும்மடி விதியோடு ஒப்பிடுங்கள்.

3. உங்கள் பள்ளியிலுள்ள ஒரு மடிக்கணினியின் மின்கலத்தில் எத்தனை வாட்-மணி என்று அச்சிட்டிருக்கும். முழுதும் மின்னேற்றி, இணைப்பை எடுத்துவிட்டு, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். வாட்-மணியை மணி நேரத்தால் வகுத்தால் கணினி சராசரியாகச் செலவிடும் திறன் கிடைக்கும். கணக்கில் வரவேண்டிய நேரத்தைவிட மிகக் குறைவாக ஓடினால், மின்கலம் தேய்ந்திருக்கிறது என்று அறியலாம்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. பேருந்தில் பையைத் தோளில் மாட்டி அசையாமல் நிற்பவர் இயற்பியல் முறைப்படி வேலை செய்கிறாரா? அவர் ஏன் களைக்கிறார்?

2. 84 கிராம் தூய மாக்னசைட்டிலிருந்து கிடைக்கக்கூடிய மக்னீசியம் எவ்வளவு? அதன் பருமன் எத்தனை கன சென்டிமீட்டர்?

3. சில்லின் மின்னழுத்தம் 1 வோல்ட்டிலிருந்து 0.8 வோல்ட்டாகக் குறைந்தால், மற்றவை மாறாதபோது, திறன் எத்தனை சதவிகிதம் குறையும்?

4. உங்கள் வீட்டில் ஒரு மடிக்கணினி வாங்குவதாக இருந்தால், நாளொன்றுக்கு ஆகும் 'சுமைக் கூலி' எவ்வளவு? கணக்கிட்டுப் பெற்றோரிடம் காட்டுங்கள்.